ஆளுக்கு முன்னால் வந்துவிட்ட டோக்கன்

எனக்கு அந்த எண்ணம் வந்தது ஆராதனையில் அல்ல, எங்கள் சுரங்க ஷாஃப்ட் வாயிலில் இருக்கும் டோக்கன் பலகையின் முன். என்னைப் பெற்ற நைனாவின் டோக்கன் ஆணியில் தொங்குகிறது, நைனாவைக் காணோம். பளிச்சென்று பட்டது: பரலோக வாசலிலும் எத்தனை பேருக்கு இப்படி ஆகுமோ? பெயர் வந்திருக்கும், ஆள் வந்திருக்கமாட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன், சகோதரரே.

நான் பி.யூ.சி. முடித்து, மாரிகுப்பத்துப் பக்கம் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் ஏறும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜின் அறையில் வேலை பழகுகிறேன். நைனா அதே ஷாஃப்டில் கீழே பாறை துளைப்பவர். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் சபைப் படியேறிப் பல வருஷம் ஆயிற்று, சாராயமும் விடவில்லை. மனந்திரும்பிப் பரிசுத்தமாய் வாழாமல் ஒருவரும் ஆண்டவரின் முகத்தைக் காண முடியாது என்று ஓயாமல் சொல்வேன். போன ஐப்பசியில், இது நடந்த வியாழக்கிழமை காலையிலும் சொன்னேன்.

"எம்பேரு சபையில கீதில்ல? போதும் போடா. நீ முன்னாடி போய் எனக்கொரு எடம் போட்டு வை," என்று சிரித்துக்கொண்டே ஷிஃப்டுக்குப் போனார்.

பிற்பகல், ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது தரை குலுங்கியது. கீழே எங்கோ பாறை வெடித்துச் சரிந்திருந்தது. அவசர அவசரமாக ஆட்களைத் தூக்கினோம். இறங்கும்போது எடுத்துப்போன டோக்கனை மேலே வருகிறவர் பலகையருகே உள்ள சன்னலில் கொடுப்பார், அது பலகையில் ஏறும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு ஆணியும் காலியில்லை. நைனாவுடையதும் இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லி இன்ஜின் அறைக்குத் திரும்பினேன்.

அப்போது மணி அடித்தது.

கீழிருந்து கேஜைக் கூப்பிடும் மணி. எந்த ஒழுங்கும் இல்லாமல், விட்டு விட்டு. கேஜை இயக்கும் டிரைவர் ஆறுமுகண்ணனின் கை லீவரிலேயே நின்றுவிட்டது.

"இன்னாண்ணே? கீழ யாருமில்லியே?"

"உசுரோட யாருமில்ல," என்றார் மெதுவாக. "முன்ன செத்தவங்க அடிப்பாங்கடா. நான் கேட்டுக்கீறேன்."

ஷாஃப்ட் வாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று, யாரோ மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டிருந்தது. சும்மா இருந்த கம்பிவடம் லேசாக ஆடியது.

நைனாவின் ஜோடியாக வேலை செய்யும் கோவிந்தன் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "டேய், உங்க நைனா வூட்ல இல்லியாமே! அவன் டோக்கன நான்தான்டா போட்டேன்!"

ஜோடிகள் அப்படித்தான். சன்னலில் கூட்டம் நெரியும், முதலில் ஏறுகிறவர் இருவருடையதையும் கொடுத்துவிடுவார். சோற்றுத் தூக்கை எடுத்து வருகிறேன் என்று நைனா டோக்கனைக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பியிருக்கிறார். அதன் பிறகுதான் குலுங்கியது.

அதற்குள் மணி நின்றுபோயிருந்தது. மணி இல்லாமல் எந்த ஆழத்துக்குக் கேஜை இறக்குவது என்று தெரியவில்லை.

கிரீஸ் தரையிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவர் ஆயத்தமாயில்லை. வெறும் பெயரோடு அவரை எடுத்துக்கொள்ளாதேயும். கதவை இன்னும் சாத்தாதேயும்."

"எனக்கும் சேத்து கேளுடா," என்றார் ஆறுமுகண்ணன்.

மணி மறுபடி அடித்தது. இந்த முறை தெளிவாக, முறைப்படி.

"இது உசுருள்ள கை!" என்று கத்திக்கொண்டே அவர் கேஜை இறக்கினார்.

ஏறி வந்த உருவம் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறப் புழுதி, கண் மட்டும் கறுப்பு. கோவிந்தன் மாமா பின்வாங்கினார். அது என் தோளைப் பிடித்தபோதுதான் நைனா என்று நம்பினேன்.

"வெளக்கு அணைஞ்சிபோச்சி. எந்தப் பக்கம்னே தெரியல. மணி அடிச்சிகினே இருந்துது பாரு, அத்த வெச்சிதான் தடவிகினு வந்தேன். மணியாண்ட யார்ரா நின்னது?"

"நீங்கதானே நைனா அடிச்சீங்க?"

"கடைசியா அடிச்சதுதான் நான். அதுக்கு முன்ன அடிச்சது நான் இல்லடா."

கல் விழுந்து மணிக்கம்பி ஆடியிருக்கும் என்று ஆறுமுகண்ணன் இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். அறையில் தனியாக இருக்கும்போது சொல்வதில்லை. எனக்கு இன்றும் முதுகு சில்லிடுகிறது. ஆனாலும் ஸ்தோத்திரம் என்றே வாய் சொல்கிறது.

நைனா பலகைக்குப் போய்த் தம் டோக்கனை வெகுநேரம் பார்த்தார். "நீ மட்டும் முன்னாடி வந்து குந்திகினியா?" என்றார். பிறகு அழுதார். அந்த ஞாயிறு சபையில் முன்னே வந்து முழங்கால் போட்டார். சாராயத்தை விட்டார். எனக்கும் ஒன்று விளங்கியது. டோக்கன் யாரையும் தூக்குவதில்லை. கிருபைதான் தூக்கும், ஆள் அதில் ஏறவேண்டும்.

வருகிற திங்கள் முதல், காலை ஷிஃப்ட் இறங்குமுன், சன்னலருகே நானும் நைனாவும் ஜெபம் நடத்தப்போகிறோம். சபைக்கே வராத கோவிந்தன் மாமாவும் வந்து நிற்பாராம். "ஆனா இனி எவன் டோக்கனையும் வாங்கமாட்டேன்," என்கிறார்.

நீங்களும் வாருங்கள். உங்களுடையதை உங்கள் கையிலேயே கொண்டு வாருங்கள்.