நியாக் சானியின் குங்கிலியச் சட்டி

ஆச்சே துறையில் குங்கிலியம் காய்ச்சுகிறவள் நியாக் சானி. கப்பல் பலகைகளின் இடுக்கில் நாரைத் திணித்து, மேலே அவள் காய்ச்சியதை ஊற்றினால் சொட்டுத் தண்ணீர் ஏறாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவள். வாய் மட்டும் அடுப்பைவிடச் சூடு. தச்சனான நானே பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதம் பார்க்க அவளிடம் இருந்தது ஒரு பாட்டு. புகை வெளுத்ததும் தொடங்குவாள். மூன்று கண்ணி முடிந்ததும் சட்டியை இறக்குவாள். சூஃபிகள் கட்டிய பாட்டு, எல்லா அடியும் ஒரே சொல்லில் முடியும்: "பலகை நானென்றேன், ஆணியும் நானென்றேன்..."

அந்த வருஷம் அரண்மனையில் சூஃபிகளுக்கு ஆகாத மார்க்க அறிஞர்களின், ஆலிம்களின், கை ஓங்கியது. படைத்தவனும் அடியானும் ஒன்று என்று பாடுவது குஃப்ரு, இறைமறுப்பு என்றார்கள். அந்தப் பாட்டு ஏடுகளைப் பள்ளிவாசல் முற்றத்தில் குவித்து எரித்தார்கள். முன்னால் நின்ற ஆலிம் தெங்கு ஜமாலி. எரிக்கச் சிராய் சுமந்து கொடுத்தவன் நான். இனி யார் பாடினாலும் கசையடி.

நியாக் சானி வாயை மூடினாள். ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த வேலையாக ஹஜ்ஜுக் கப்பல் பட்டறைக்கு வந்தது. காற்று திரும்பப் பத்தே நாள், அதற்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். அவள் காய்ச்சிய இரண்டு சட்டியும் நகம் பட்டதும் பொடிந்தது. போக வேண்டியவர்கள் எழுபது பேர். அதில் ஒருவர் தெங்கு ஜமாலி. விஷயம் கேட்டு வந்து குதித்தார்.

"என்ன நியாக், வேணும்னே கெடுக்கிறியா?"

"பதம் பாட்டுல இருந்துச்சு, தெங்கு. அதைத்தான் நீங்க நெருப்புல போட்டுட்டீங்களே."

"இறைவன் பேரைத் திக்ரு ஓதி எண்ணேன்."

"ஓதிப் பாத்தேன். கண்ணு சொக்கிருது, சட்டி அடிபிடிச்சிருது."

நான் குனிந்து உளியைத் தேடினேன்.

அவர் கப்பலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "சரி, தாழ்ந்த குரல்ல பாடித் தொலை."

பாடினாள். மூன்றாம் கண்ணியில் கடைசி அடி வரவில்லை. உதடு அசைகிறது, சொல் இல்லை. புகை மஞ்சளாகத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் சட்டி கருகிவிடும்.

"கடலுள் கரைந்தபின் யார் நானென்றேன்."

பாடியது தெங்கு ஜமாலி. இழுவைகூடப் பிசகவில்லை. கடைசி எழுத்தில் அவள் சட்டியை இறக்கினாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பொடியவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா, தெங்கு?"

"எங்கம்மா. அவங்க கைப்பட எழுதின ஏட்டுல இருந்துச்சு."

அந்த ஏடு இப்போது எங்கே என்று வாயாடி நியாக் சானி கேட்கவில்லை. அன்று சிராய் சுமந்த எனக்குக் கேட்க முகமும் இல்லை.