எங்கள் பால்கனிச் சுவர்

சேலையூரில் நாங்கள் இருப்பது முதல் மாடி. எங்கள் பால்கனிக்கு நேர் கீழே ஓர் அக்கா இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். கட்டிடம் புதிதாக இருந்தபோதே நாங்கள் அந்தப் பால்கனியைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி, எனக்கு ஒரு படிக்கும் அறை ஆக்கிக்கொண்டோம். அங்கே உட்கார்ந்துதான் ஆராய்ச்சி செய்வேன். நிரந்தரமாக ஏறி நிற்கும் சுமையால் கான்கிரீட் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும். அதற்கு வயதாக ஆக, தொய்கிற வேகம் குறையும். இதைச் சமன்பாடுகளில் அடக்கிக் கணிப்பது என் வேலை.

ஒருநாள் அக்கா கூப்பிட்டார். "இன்னா மா, கிரில் கேட்டு தொறக்கவே மாட்டேங்குது. மேல சிக்கிகினு கீது பாரு."

பார்த்தேன். எங்கள் பால்கனியின் நுனி இறங்கிக் கேட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இறக்கத்தை அளந்துகொண்டு போய்க் கணினியில் என் சமன்பாடுகளில் கொடுத்தேன். சுவர் இல்லாமல் போட்டால் தொய்வு கண்ணுக்கே தெரியாது. சுவரைச் சேர்த்தால் நான் அளந்ததற்குக் கிட்டத்தட்ட அதே அளவு வந்தது. கான்கிரீட் இளசாக இருந்தபோதே சுமையை ஏற்றிவிட்டோம். என் வேலையே இதுதான்; ஆனால் என் வீட்டில் எனக்கு இது தோன்றவில்லை.

குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் கேட்டார். "மேடம், நீங்கதான் எக்ஸ்பர்ட். விழுமா, விழாதா?"

"உள்ளே கம்பி எப்படி இருக்குன்னு பார்க்காம சொல்ல முடியாது சார். அதுவரைக்கும் கீழ யாரும் நிக்காம இருந்தா நல்லது."

சொன்னது பொய்யில்லை. சுவர்தான் காரணம், அதை இடித்தால் சுமை இறங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கணினித் திரையை முன்பே பார்த்திருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடையை உடனே மூடச் சொன்னார்கள். கிரைண்டரை லோடு வண்டியில் ஏற்றும்போது அக்கா என்னிடம், "நல்லவேளை நீ சொன்ன மா" என்றார்.

அந்த வார்த்தையோடு என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. செயலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சுவரை இடித்தோம். நுனி கொஞ்சம்தான் எழும்பியது. பழைய தொய்வில் பெரும்பகுதி அப்படியே நின்றது. பொறியாளர்கள் வந்து கம்பியைச் சோதித்து, ஆபத்தில்லை என்றார்கள். அதற்குள் அக்கா அஸ்தினாபுரத்தில் கடை போட்டுவிட்டார்.

அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு அள்ளிய கரண்டி அப்படியே நின்றது.

"மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே மா?"

"அந்த ரூம் போயிடுமேன்னு இருந்தது அக்கா."

அக்கா அந்த மாவைப் பாக்கெட்டில் ஊற்றினார். பிறகு சொன்னார்: "வியாபாரம் இங்க ஓடுது. பொண்ணு ஸ்கூலுதான் அங்க கீது. ரெண்டு பஸ் மாறிப் போவுது."

சாயங்காலங்களில் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் அக்காவின் பெண்ணைப் பார்க்கிறேன். ஒருநாள் ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏறிக்கோம்மா, விட்டுடறேன்" என்றேன்.

"வேணாம் ஆன்ட்டி, பஸ் வந்துடும்."

பஸ் சீக்கிரம் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அது வரும்வரை நானும் நின்றேன்.