தராசுக்காரர் கொடுத்த ரத்தம்

தராசுக்காரர் என்றால் கடைவீதி முழுக்கத் தெரியும். பிறந்த வீட்டில் கடைக்குட்டி, பெண் எடுத்த வீட்டில் மூத்த மாப்பிள்ளை. அண்ணன்மார் முன்னால் திறக்காத வாயை மாமனார் வீட்டில் மூடியதே இல்லை. காய்கறிக் கடையோ இரும்புக் கடையோ, தராசு மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பழுது பார்த்த கையோடு, "ஒரு கடைக்கு ஒரே தராசு. ரெண்டு வெச்சா கணக்கு உங்களையே கடிக்கும்" என்று வியாபாரிக்குப் பாடம் நடத்தாமல் எழுந்து வரமாட்டார்.

அவருக்கு ஈரலில் கட்டி வந்தது. டாக்டரம்மா ஊசியை உள்ளே விட்டுச் சூடேற்றிக் கட்டியைப் பொசுக்கினார். அது மறுபடி தலைதூக்குகிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்த்தார்கள். ஈரல் கட்டி ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கலந்துவிடுமாம். ஏஎஃப்பி என்று பெயர். இறங்கினால் நல்லது, ஏறினால் சந்தேகம். அறுநூறைத் தாண்டி நின்றது மளமளவென்று இறங்கி இருபத்திரண்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்து அடி வாங்கிய மாமா இப்போது குறைந்ததற்குக் கைதட்டு வாங்குகிறார் என்று மச்சினன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த முறை நாற்பத்தொன்று என்று வந்தது.

வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மச்சினனை வண்டி எடுக்கச் சொல்லி, புருஷனை ஏற்றிக்கொண்டு பறந்தாள்.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்பவும் பாக்கிற லேப்தானே இது?"

தராசுக்காரர் தலையைச் சொறிந்தார். புதிதாய்த் திறந்த ஒரு லேபில் மருந்து நிறுக்கும் தராசைச் சரிசெய்தாராம். அந்த நன்றிக்கு ரத்தம் சும்மா பார்த்துத் தருகிறோம் என்றார்களாம். கையை நீட்டிவிட்டார்.

இந்த மெஷின் சொல்வதை அந்த மெஷின் சொன்னதோடு அப்படியே ஒப்பிடக்கூடாது, ஆனாலும் உண்மையிலேயே ஏறியிருந்தால் விட்டுவிட முடியாது என்றார் டாக்டரம்மா. பழைய லேபிலேயே மறுபடி ரத்தம், கூடவே ஸ்கேன்.

மனைவி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஒரே தராசுன்னு ஓதுவீங்க. உங்க ஈரலை மட்டும் ரெண்டு தராசுல போட்டீங்களா?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முடிவு வருகிறவரை தராசுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போனார், போன வேகத்தில் திரும்பினார். மச்சினன் பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தார். கடைசியில் மூவருமாக மறுபடி டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்கள். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. பழைய லேபில் பதினாறு. இருந்தாலும் தவறாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மச்சினன் ஒரே ஓட்டமாய் ஓடி வாசலில் நின்ற முன்பின் தெரியாத காவல்காரரைக் கட்டிப்பிடித்தான். அவனுடைய அக்காவோ ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்து, அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். காலில் இருந்து நழுவிய செருப்பு ரெண்டு படி கீழே உருண்டது. தராசுக்காரர் அதை எடுத்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இறங்கிடுச்சே, இப்ப போய் அழுவறியே?"

"பேசாம பக்கத்துல உட்காருங்க."

உட்கார்ந்தார். கையிலிருந்த செருப்பை அவள் காலடியில் வைத்தார்.