உப்பில்லாத திங்கட்கிழமைகள்

1977ஆம் ஆண்டு ஆடி மாதம் எனக்குத் தூக்கம் போனது. ஆவணியில் பசி போனது. புரட்டாசியில் எதுவுமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. மாதக் கணக்காகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியன். எது எப்போது நடந்தது என்று சொல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

காரணம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். அதுதான் சிக்கல். காரணம் ஏதும் இல்லை. வேலை நிரந்தரம். மகள் திருமணமாகிச் சென்னையில் நலமாக இருந்தாள். வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. "உங்களுக்கு இன்னா கொறை?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். குறை இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? காற்று கருப்பு என்றார் ஒருவர். நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர். புத்தகம் ஜாஸ்தி படித்ததால் மூளை சூடாகிவிட்டது என்றார் எங்கள் பள்ளி எழுத்தர்.

என் மனைவி சரோஜா என்னை வேலூருக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இது நோய்தான், சோம்பல் அல்ல என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், வெயிலில் நடங்கள், நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பகலில் படுக்காதீர்கள், யாருக்காவது ஏதாவது ஒரு வேலை செய்யுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. இதையெல்லாம் நூலகத்தில் எத்தனையோ புத்தகங்களில் படித்தவன் நான். மாணவர்களுக்கே சொல்லியிருக்கிறேன். தெரியாமல் இருந்தால்தானே ஒருவர் சொல்லித் தரவேண்டும்? எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

மாத்திரையை மட்டும் சரோஜா தவறாமல் கொடுத்தாள். மருத்துவ விடுப்பு எடுத்தேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேராவிட்டால் வேலை என் கையில் இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டும் பயம் வரவில்லை. கூடத்தில் தினசரி நாள்காட்டி தாள் கிழிக்கப்படாமல் பழைய தேதியிலேயே நின்றது. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் கிழித்த கை இது. மார்கழியில் ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை என்று நாக்குக்குத் தெரிந்தது. சொல்லத் தோன்றவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினேன்.

அதற்கு முந்தின மாதம், கார்த்திகை தீபத்தன்று எங்கெங்கிருந்தோ வந்த ஜனம் எங்கள் தெருவில் நின்றுகொண்டு மலையைப் பார்த்தது. எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்தே உச்சி தெரியும். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஊர் முழுக்க "அரோகரா" எழுந்தபோது வேண்டிக்கொண்டேன். "அண்ணாமலையாரே, என்னை யாரும் தொந்தரவு செய்யாமல் தனியாக விட்டுவிடும். அது போதும்."

தை பிறந்ததும் மச்சான் வந்து சேர்ந்தார்.

மச்சான் ஏகாம்பரம் சரோஜாவின் அண்ணன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்பவர். கண்ணில் புரை. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு கண்ணில் பாதிப் பார்வைதான். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது, வேளைக்கு வேளை சொட்டு மருந்து, கண்ணாடி வர ஒன்றரை மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். கிராமத்துக்குப் போனால் வயலில் இறங்கிவிடுவார் என்று பயந்து சரோஜா இங்கேயே வைத்துக்கொண்டாள். கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நான் தனிமை கேட்ட லட்சணம் இது.

மறுநாள் விடியும்போதே ஆரம்பித்தது.

"மாப்ளே, இன்னைக்கு இன்னா தேதி?"

"தெரியாது மச்சான்."

"தெரியாதா? ராகு காலம் தெரியாம நான் எப்டி மருந்து போட்டுக்கறது? எழுந்து பாத்துச் சொல்லுங்க."

கண் மருந்துக்கும் ராகு காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குச் சக்தி இல்லை. சரோஜாவோ சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. எழுந்தேன். பழைய தாள்களைக் கொத்தாகக் கிழித்தேன். கிழமை, திதி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் படித்தேன். வாசகத்தைக்கூட விடவில்லை அந்த மனிதர். "கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்குமே, அது?"

பிறகு நடை. பார்வை திரும்பினால் தினமும் கோயிலுக்கு வருகிறேன் என்று அவர் வேண்டுதல். பார்வை திரும்புவதற்கு முன்பே அதை நிறைவேற்றக் கிளம்பிவிட்டார். கையைப் பிடித்து அழைத்துப் போக நான்தான் ஆள். என் தோளை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டு தேரடித் தெரு முழுக்கக் கேள்வி. "அது இன்னா போர்டு? அந்தச் சத்தம் இன்னா? யாரு இருமறது?" படித்துச் சொல்வேன். லாட்ஜ் பெயர், சினிமா போஸ்டர், பாத்திரக் கடை, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர். பல மாதங்களாக நான் எதையும் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எரிச்சல்கூட இல்லை, அலுப்புதான். எரிச்சலுக்குத் தெம்பு வேண்டும்.

தனியாகச் சாப்பிட மாட்டார். "துணைக்கு உக்காருங்க மாப்ளே, ஈ உழுந்தா யாரு பாக்கறது?" மத்தியானம் நான் படுத்தால் சொட்டு மருந்து நேரம் வந்துவிடும். படுக்கலாம் என்றால் செய்தித்தாள் படிக்கச் சொல்வார். படித்தால் நம்ப மாட்டார். "அப்டியா போட்டிருக்கான்? நல்லா பாருங்க." இரவு எட்டரைக்கு அவர் குறட்டை. வேறு வழியில்லாமல் நானும் விளக்கை அணைத்தேன். மாத்திரையின் வேலையோ, நடந்த கால்களின் வேலையோ, மாசி பாதியில் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. ஆனால் மனது அப்படியே கிடந்தது, தண்ணீர் வற்றிய குளம் மாதிரி.

பங்குனி பிறப்பதற்குள் அவருக்குக் கண்ணாடி வந்தது. தடித்த கண்ணாடி, உள்ளே விழி மாட்டு விழி மாதிரி தெரியும். "இனிமே நானே படிப்பேன். உங்களுக்குத் தொந்தரவு கம்மி" என்றார். உள்ளே ஏதோ சுருக்கென்றது எனக்கு. நாள்காட்டி என் வேலையாயிற்றே.

அந்தத் திங்கட்கிழமை காலையிலும் நான்தான் தாளைக் கிழித்தேன். துவாதசி. மத்தியானம் மச்சான் நன்றாகத் தூங்கினார். எழுந்தவர் விடிந்துவிட்டது என்று நினைத்து, நேராகப் போய்ப் புதுக் கண்ணாடியின் பெருமையில் இன்னொரு தாளைக் கிழித்துவிட்டார். வெளியே வெயில் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் தான் தூங்கியது பகல் தூக்கம் என்று புரிந்தது. கிழித்த தாள் மட்டும் நினைவில் இல்லை. "மாப்ளே, இன்னைக்கு பிரதோஷம்! கெளம்புங்க" என்று இழுத்தார். நானும் போனேன்.

பெரிய நந்தி முன்னால் ஈ காக்கை இல்லை. அபிஷேகத்துக்கு ஒரு குடம் இல்லை.

"கூட்டமே இல்ல பாருங்க. ஊர்ல பக்தி கம்மியாயிடுச்சு மாப்ளே" என்றார் மச்சான்.

"பிரதோஷம் நாளைக்கு மச்சான்."

"இல்ல. நான் கண்ணாடி போட்டுப் படிச்சேன்."

"காலையில நான் கிழிச்சேன். துவாதசி."

அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "வுடுங்க. ஒடம்பு சரியில்லாத மனுஷன். தேதி கீதி எல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"யாருக்குய்யா தேதி தெரியாது? எனக்கா? முந்தாநாள் தசமி, நேத்து ஏகாதசி, இன்னைக்குத் துவாதசி! மத்தியானம் தூங்கி எழுந்து தாளக் கிழிச்சா பிரதோஷம் வந்துடுமா? நீ கிழிக்கிற கிழிக்கு சாமி ஒரு நாள் முன்னாடி குளிக்கணுமா?"

பிராகாரமே திரும்பிப் பார்த்தது. மச்சானை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை. பூக்கூடையோடு வந்த ஓர் அம்மாள் நின்றாள். "அவர் சொல்றதுதான்யா நெசம். பிரதோஷம்னா இந்நேரம் எங்கூடை காலியாயிருக்குமே" என்றாள்.

மச்சான் நந்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்ல மாப்ளே. ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம். நாளைக்கு எங்க நின்னா நல்லா தெரியும்னு பாத்து வெச்சிக்கலாம்" என்றார்.

வீடு வரை திட்டிக்கொண்டே வந்தேன். வாசலில் சரோஜாவைப் பார்த்து, உன் அண்ணன் பஞ்சாங்கத்தையே மாற்றிவிட்டார் என்று கத்தினேன். சோறு போடச் சொன்னேன். நானாகக் கேட்டேன் என்பதை அவள்தான் கவனித்தாள். குழம்பைப் பிசைந்து வாயில் வைத்ததும் அடுத்த எரிச்சல்.

"இதுல உப்பே இல்ல! ருசி பாக்காமயா எறக்கன? இந்த வீட்ல ஒருத்தருக்கும் நாக்கு இல்லையா?"

கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோனேன். அழுகை நடுவே சிரிப்பும் வந்தது.

"தீபத்தன்னைக்கு வேண்டிக்கிட்டேங்க" என்றாள். "நீங்க வாயத் தெறந்து திட்டற வரைக்கும், திங்கக்கெழமை திங்கக்கெழமை உப்பு போடாமதான் ஆக்குவேன்னு. நிம்மதி குடு, சந்தோசம் குடுன்னெல்லாம் நான் கேக்கலங்க. அவருக்குக் கோவமாவது வரட்டும் சாமின்னுதான் கேட்டேன்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறீங்க? வந்த நாளா திங்கக்கெழமை ஆனா வாயக் கட்டிக்கினு துன்றேன்" என்றார். "தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. இப்ப போடலாமா உப்பு?"

அன்று இரவு ஒரே மூச்சில் தூங்கினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை, உண்மையான பிரதோஷம். மூவரும் போய் நின்றோம்.

உடனே குணமாகிவிடவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மாத்திரை இன்னும் பல மாதம் ஓடியது; மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். ஆனால் ஜூனில் பள்ளி திறந்த அன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மச்சான் ஊருக்குப் போன பின்னும் அவர் வைத்துவிட்டுப் போன தொந்தரவுகளை நான் விடவில்லை. விடிந்ததும் நாள்காட்டியைக் கிழித்து உரக்கப் படிக்கிறேன். சரோஜா கேட்காவிட்டாலும் படிக்கிறேன். தேரடித் தெரு வழியாகப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். பக்கத்து வீட்டில் கண் தெரியாத பெரியவர் ஒருவருக்குச் செய்தித்தாள் படிக்கிறேன். அவரும் நம்புவதில்லை. சலித்துக்கொண்டுதான் செய்கிறேன். சலிப்போடு செய்தாலும் பலிக்கிறது.

1984இல் அது திரும்ப வந்தது. இந்த முறை எனக்கு அடையாளம் தெரிந்தது. "சரோஜா, சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்று நானே சொன்னேன். அந்த வாரமே வேலூர் போனோம். மச்சானுக்கு ஒரு கார்டு போட்டாள். ஒரு மூட்டை மல்லாட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "இன்னா மாப்ளே, இன்னைக்கு இன்னா தேதி?" முன்னைப்போல் ஆழம் போகாமல் கரையேறினேன்.

அன்பர்களே, நான் கேட்டது தனிமை. அவள் கேட்டது கோபம். அண்ணாமலையார் அவள் பக்கம் சாய்ந்தார். அந்த நன்றியை எத்தனை நெய்விளக்கு ஏற்றியும் தீர்க்க முடியாது. உங்களில் யாருக்காவது உப்பு தெரியாமல் போயிருந்தால், மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள், சாமியிடமும் கேளுங்கள். கேட்டபின் வாசலில் யாராவது வந்து நின்று தேதி கேட்டால், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். உதவி எந்த முகத்தோடு வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு மாட்டு விழிக் கண்ணாடியோடு வந்தது.

நாளைக்குப் பிரதோஷம் என்று மச்சான் இன்று காலையே வந்து இறங்கிவிட்டார். பிரதோஷம் நாளை மறுநாள். சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டேன் என்கிறார்.