முதல் ஒரு மணி நேரம்

அன்று காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. கால் மாற்றிப் போட்டுக்கொண்டேனோ என்று குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. நேரமாகிவிட்டதே என்று என் வீட்டுக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினேன். ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு கார்மென்ட்ஸில் பன்னிரண்டு வருடம் தைத்தவள் நான். பாத்ரூமுக்கு எழுந்து போனால் பீஸ் குறையும், சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் பகலில் தண்ணீரே குடிக்க மாட்டேன். எங்கள் லைனில் எல்லோரும் அப்படித்தான்.

ஒரு வாரம் கழித்து மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் தேங்கும் கழிவு) எக்கச்சக்கமாக இருந்தது. வருடக்கணக்காகப் பார்க்காமல் விட்ட இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டதாம். இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது).

“தண்ணி ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான்மா. காபி, ரசம், மோர் எல்லாம் அதுலயே சேர்த்தி” என்றார் டாக்டரம்மா.

குடிக்க முடிந்த காலத்தில் குடிக்கவில்லை, இப்போது கூடாது என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வீட்டுக்காரர் சேகர், பெயின்டர். நாக்கு வறண்டு நான் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளநீர் வாங்கி வந்தார். இளநீர் மருந்து மாதிரி, தண்ணீரில் சேராது என்பது அவர் நினைப்பு. என் நினைப்பும் அதுதான். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அதைத்தானே வாங்கி வருகிறார்கள்! ஒரே மூச்சில் இரண்டையும் குடித்தேன். மறுநாள் காலை கையைத் தூக்க முடியவில்லை, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பொட்டாசியம் (இளநீரிலும் பழங்களிலும் நிறைய இருக்கும் உப்பு, உடம்பில் தேங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும்) ஏறிப்போயிருந்தது. எப்படியோ பிழைத்தேன். டாக்டரம்மா சேகரை வெளுத்து வாங்கினார். மனுஷன் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்று அழுதார்.

மூன்று மாதத்தில் எல்லாம் வெறுத்துவிட்டது. டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் நான்கு மணி நேரமும் கால்கள் ஒரு இடத்தில் நிற்காது; உள்ளே எறும்பு ஊர்வது போல இருக்கும். ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருக்கும். இனி போக மாட்டேன் என்று சேகரிடம் சொல்லிவிட்டேன். போகாவிட்டால் சாவுதான் என்று இருவருக்கும் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் வா என்று கெஞ்சிக் கூட்டிப் போனார்.

அன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெயம்மா. கன்னடக்காரர், ஆறு வருடமாக வருகிறவர். மிஷின் ஓட ஆரம்பித்ததும் டப்பாவைத் திறந்தார். உள்ளே மாம்பழத் துண்டுகள்! எங்களுக்கு ஆகவே ஆகாத பழம். எனக்குப் பதறியது. அவரோ ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார்.

“மொதல் ஒன் ஹவர் நம்மதும்மா. தின்னதை மிஷின் எடுத்துடும். ஸ்வல்ப தின்னு, ஜாஸ்தி பேடா.” கொஞ்சம் தின்னு, அதிகம் வேண்டாம் என்கிறார்.

நர்ஸைப் பார்த்தேன். ஒன்று போதும் என்று விரலைக் காட்டினார். சுற்றிலும் பார்த்தால் ஒருவர் ஆரஞ்சுச் சுளை உரிக்கிறார், இன்னொருவர் கையில் பாதி வாழைப்பழம். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டே கிடந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாம்பழம் நாக்கில் பட்டதும் அழுதுவிட்டேன். (உங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். எல்லோர் உடம்பும் ஒன்றல்ல.)

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாலைவனச் சோலை படம் பார்த்திருக்கிறேன். நாலு ஈச்ச மரம், நடுவில் குளம். அங்கே போய்ச் சேர்ந்தவன் கொடுத்துவைத்தவன், அங்கேயே இருந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குடித்துவிட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். அடுத்த குளம் எங்கே என்று தெரிந்தால் அதுவரை நடக்கலாம். எனக்குச் செவ்வாய், வியாழன், சனி.

ஒரு வருடம் ஆகிவிட்டது. கால்கள் இன்னும் அடங்கவில்லை, தாகமும் தீரவில்லை. சேகர் மட்டும் இன்னும் என் எதிரே தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார்.

போன சனிக்கிழமை அவரையும் வார்டுக்குள் விட்டார்கள். என் ஒரு மணி நேரம் முடிந்தபோது நான் குடித்தது போக டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் மீந்திருந்தது. அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“நான் இன்னும் ரொம்ப நாளு இருப்பேன்யா. அத்தன நாளும் மாடிப்படியில போயா குடிப்ப? இங்கயே குடி.”

குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.