பச்சையாய் நின்ற தூர்

எனக்கு வாய் நீளம் என்று போடியில் பாதிப் பேர் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வாய் இருந்ததால்தான் என் மதினியை மதுரைக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போக முடிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்தான். திங்கட்கிழமை ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். மதினி பிள்ளைகளோடு ஊரில் இருந்தாள். நான் அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்தேன். என் சோலி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். முறத்தில் ஏலக்காயைக் கொட்டிவைத்து, பெரிசு வேறு சிறிசு வேறு என்று இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். நாத்தனாரும் மதினியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் என் மாமியாருக்கு வயிறு எரியும்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏலச்செடிக்குக் கட்டே என்று ஒரு நோய் வரும். இளம் இலையில் வெளிறிய கோடு கோடாகத் தெரியும், அவ்வளவுதான். அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும் தூர் பச்சையாகவே நிற்கும், பூக்கும், அந்த வருஷம் காய்கூடக் கொடுக்கும். ஆனால் ஒரு சின்னப் பூச்சி அதில் உட்கார்ந்து பக்கத்துத் தூருக்குப் போனால் அதற்கும் வந்துவிடும். மருந்து கிடையாது. இந்த வருஷக் காயையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று பல பேர் விட்டு வைப்பார்கள். அண்ணன் கோடு தெரிந்த அன்றே வேரோடு பிடுங்கிவிடுவான். கல்யாணமான புதிதில் மதினி மலைக்குப் போயிருந்தபோது, பூவோடு நின்ற ஒரு தூரை அவன் அப்படிப் பிடுங்கியதைப் பார்த்து அழுதேவிட்டாளாம். “பச்சையா நிக்கிதேன்னு பாவம் பாத்தா, பக்கத்துத் தூரும் போயிரும்” என்றானாம். கல்நெஞ்சக்காரனுக்கு வாக்கப்பட்டுவிட்டேன் என்று அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சின்னவனுக்குப் பால் மறக்கடித்துச் சில மாதம் கழித்து, அவளுடைய இடது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எங்கள் பக்கம் பால் மறக்கடித்த பெண்ணுக்கு மாரில் எது தட்டுப்பட்டாலும் அது பால்கட்டுத்தான். மல்லிகைப்பூவை நெருக்கமாகத் தொடுத்து மாரில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினால் பால் வற்றிவிடும். நானும் கட்டியிருக்கிறேன், கேட்டிருக்கிறது. மதினியும் கட்டினாள். வாடியதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைத்தாள். வீடெல்லாம் மணந்தது, கட்டி மட்டும் அப்படியே இருந்தது. வலி இல்லை, சூடு இல்லை. அதனாலேயே தெருவில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். வலிக்கிற கட்டிக்குத்தான் வைத்தியம், வலிக்காதது தானாகக் கரையும் என்றார்கள்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். சுண்டைக்காய் அளவுதான். ஆனால் அழுத்தினால் நழுவவில்லை. மேல்தோல் லேசாகக் குழிந்திருந்தது. அண்ணன் இறங்கி வரட்டும் என்றாள் மதினி. அவன் வந்து, யோசித்து, நாலு பேரைக் கேட்டு, அதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று நான் திட்டினேன். பிள்ளைகளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, சேலை எடுக்கப் போகிறோம் என்று ஒரு புளுகு புளுகிவிட்டு ரயிலேறினோம்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பால்கட்டாக இருந்தால் சிவக்கும், சுடும், வலிக்கும், சீக்கிரத்தில் வடிந்துவிடும். இது வேறு. மார்புக்குள் பால் வருகிற சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் பழையது உதிர உதிர, தேவைக்குத் தகுந்தபடி புதிதாகப் பிறக்கும். அதில் ஒன்று என்றைக்கோ அந்தக் கட்டுப்பாட்டை மீறிவிடுகிறது. நிறுத்தத் தெரியாமல் பெருகிக் குழாயை அடைக்கிறது. கைக்குத் தட்டுப்படும் முன்னால் வருஷக்கணக்கில்கூட உள்ளே சத்தமில்லாமல் இருந்திருக்கும். பிறகு சுவரை உடைத்துக்கொண்டு சதைக்குள் வரும். அங்கிருந்து அக்குளில் இருக்கிற நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். அதையும் தாண்டினால் எலும்பு, நுரையீரல், ஈரல்.

மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பூ வச்சுக் கட்டுனதால வந்துருச்சாம்மா?”

“இல்லம்மா. பூ பாலத்தான் வத்த வைக்கும். இது பால் இல்ல.”

துளி சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று முடிவு வந்தது. குழாயின் சுவரைத் தாண்டிவிட்டது, ஆனால் அக்குளில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஆரம்பத்திலேயே வந்திருக்கிறீர்கள், மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு, தள்ளிப்போடாமல் வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை அண்ணன் வந்ததும் நான்தான் சொன்னேன். காயெடுப்பு முடியட்டும் என்றான். வலியே இல்லாத உடம்பை எதற்கு வெட்ட வேண்டும் என்றான். கத்தி பட்டால் பரவும் என்று பக்கத்துத் தேவாரம் ஊரில் யாரோ சொன்னார்களாம். எனக்கு வந்ததே கோபம்! உனக்குக் காய் பெரிசா, பொண்டாட்டி பெரிசா என்று கத்தினேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பு சாய்ந்து வேட்டியெல்லாம் நனைந்திருந்தது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. காயெடுப்பெல்லாம் சாக்கு, ஆளுக்குப் பயம்.

மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“மலையில கட்டே விழுந்த தூர என்ன செய்வீக?”

அண்ணன் செம்போடு எழுந்திருக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

“பச்சையாத்தான நிக்கிது? பூக்கத்தான செய்யிது? பெறகு ஏன் புடுங்குறீக?”

“நீயும் செடியும் ஒண்ணா?”

“இல்ல. செடிக்கு மொத்தத் தூரும் போகணும். எனக்கு ஒரு பக்கந்தான் போகணும்ங்கிறாக. எனக்குப் பாவம் பாக்காதீக.”

என் அண்ணன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மறுநாள் ரயிலில் மூன்று பேரும் போனோம்.

அந்தக் காலத்து ஆபரேசன், நிறையவே எடுத்துவிட்டார்கள். மார்பும், அதன் கீழ்ச் சதையும், அக்குள் நெறிகளும். நெறிகளைச் சோதித்ததில் ஒன்றிலும் நோய் இல்லை. டாக்டரம்மா அதைச் சொன்னபோது அவர் கையைப் பிடித்து நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் மதினியின் இடது கை முழுசாகத் தூக்க வரவில்லை, அவ்வப்போது வீங்கியது. விசேஷ வீட்டுக்குப் போக இலவம்பஞ்சு வைத்து ஜாக்கெட்டுக்குள் தைத்துக் கொடுத்தேன். அளவு பெரிசாகிவிட்டது. “ஏத்தா, எனக்கு இல்லாத அழகெல்லாம் வச்சுத் தச்சிருக்க” என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் மலைக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடித்தாள். கூட நானும் போனேன். தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது அண்ணன் ஒரு தூரின் முன்னால் நின்றுவிட்டான். இளம் இலையில் வெளிறிய கோடு. இலையைத் தடவினான், விட்டான், மறுபடி தடவினான். ஆபரேசனுக்குப் பிறகு அவன் ஒரு தூரைக்கூடப் பிடுங்கவில்லை என்று தோட்டத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி என் காதில் சொன்னாள்.

மதினி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். குனிந்து வலது கையால் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இடது கையையும் கொண்டுபோனாள், அது பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தான். தூர் வேரோடு வந்தது.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தூரின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“இது நல்லாருக்குங்க” என்றாள்.