கொட்டாரத்துப் பையன்களும் ஒரு பிரெஞ்சுப் படமும்

நான் வசிக்கும் இந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் பேருந்தில் ஏறுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே நாலைந்து இளைஞர்கள் சிகரெட் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில், பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, "இப்போது பேருந்து கிடையாது" என்று அவர்களிடம் போய்ச் சொன்னேன். "தெரியும் முசியே. நீங்கள் வழி தவறிவிட்டீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டான் கெவின். பக்கத்து வீட்டு அம்மாள் மார்த்தீனின் மகன். ஊரில் இருந்த ஒரே தொழிற்சாலையும் மூடிய பிறகு, படித்துவிட்டுச் சும்மா இருப்பவன்.

போன மாதம் ஊர் மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். இதே மாதிரி ஒரு கிராமத்தில் வேலையில்லாமல் திரியும் இளைஞர்களைப் பற்றிய படம். மொபெட்டில் வயல்களைச் சுற்றுகிறார்கள், கிணற்றடியில் நின்று வம்பு பேசுகிறார்கள், ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், மறுபடியும் மொபெட்டில் சுற்றுகிறார்கள். ஒருத்தனுக்காவது வேலை கிடைத்துவிடும் என்று கடைசிவரை காத்திருந்தேன். நம் படங்களில் இடைவேளைக்குப் பிறகாவது ஒரு வழி பிறக்கும். இந்தப் படத்தில் இடைவேளையே இல்லை. அந்தப் பையன்கள் வண்டியில் சாய்ந்து நின்று போனைத் தடவும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் கொட்டாரத்தில், வயலுக்குத் திரும்பும் ரோட்டில், கலுங்குப் பாலத்துச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் பி.இ. படித்த கூட்டத்தைக் கொண்டுவந்து வெள்ளைத் தோல் போர்த்தியது போலிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் என் அக்கா மகன் அஜின்.

இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அங்கேகூட அவன் வருவதில்லை. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அஜினுக்குக் கேட்டுப் பார்க்கலாமே என்று அவன் பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொன்னேன். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய நம் ஊரில், வெளிநாட்டில் இருப்பவன் பாஸ்போர்ட் நகல் கேட்டால் பெட்டி வாங்கிவிடலாம். அக்கா பெட்டி வாங்கினாள். பாஸ்டரை அழைத்து வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்து, தெருவுக்கே பிரியாணி போட்டாள். அஜின் நாகர்கோவிலில் பைக் ஷோரூமில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டான். இங்கேயோ, எங்கள் இல்லத்தின் பொறுப்பாளரான அம்மாள் நகலை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "முதலில் உள்ளூரில் ஆள் தேட வேண்டும், சட்டம் அப்படி" என்றார். கெவினும் விண்ணப்பித்தான். பிறகு ஆளே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

"லே தம்பி, பய வெளிய எறங்கவே மாட்டேங்கான்" என்று அக்கா போனில் அழுகிறாள். "சர்ச்சுக்கும் வரல்ல. பாக்கவன் எல்லாம், பிரான்சுக்கு எப்பம் போறன்னு கேக்கான். ஜெபம் வச்ச பொறவு இல்லன்னு எப்பிடிச் சொல்ல? நீ நெனச்சா முடியும் மக்கா." நான் நினைத்தால் என்ன முடியும்? இந்த ஊரில் வெங்காயம் உரிப்பவன் நான். அதைச் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. தட்டிக் கழிக்கிறேன் என்று நினைக்கிறாள்.

படம் முடிந்ததும் ஒயினும் சீஸும் கொடுத்தார்கள். மார்த்தீன் மகனை என் முன்னால் தள்ளி நிறுத்தி, "உங்கள் நாட்டில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேலையாமே, கெவினுக்கு அங்கே ஏதாவது பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கெவினின் முகம் சுருங்கியபோதுதான், அவர்கள் விளையாடவில்லை என்று தெரிந்தது. "அங்கேயும் இதே கதைதான், என் அக்கா மகனே வேலையில்லாமல் இருக்கிறான்" என்றேன். "முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், எதற்குக் கதை?" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போனாள் அவள். அக்காவின் குரல் அப்படியே பிரெஞ்சில் கேட்டது எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தைக் கடந்து போனபோது, கெவின் நகர்ந்து இடம் விட்டான். கோபமில்லை போலும் என்று உட்கார்ந்தேன். அப்போது அஜின் வீடியோவில் அழைத்தான். பனியனோடு கட்டிலில் படுத்திருந்தான், ஜன்னல் சாத்தியிருந்தது. என் தோளுக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைக்கார முகத்தைப் பார்த்ததும் சடாரென்று எழுந்தான்.

"மாமா, மொதலாளியா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்."

இல்லை என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் ஆள் மறைந்தான். திரும்பி வந்தபோது சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். நின்றுகொண்டான். இத்தனை மாதமாகச் சாத்திய அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவன் வாயைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"போன்ஜூர் முசியே," என்றான், ஒவ்வொரு சொல்லாக. "ழ ஷெர்ஷ் அன் திராவாய்."

வணக்கம் ஐயா, நான் வேலை தேடுகிறேன். உச்சரிப்புகூட ஓரளவு சரியாக இருந்தது. கெவின் போனை நோக்கிக் குனிந்து அவனையே பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "முவா ஓசி."

நானும்தான்.

அஜினுக்கு அது புரியவில்லை. ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் தனக்குப் பதில் சொல்லிவிட்டார் என்ற பூரிப்பில் அவன் முகம் மலர்ந்தது. "மாமா, சார் என்ன சொல்லுதாரு?" என்றான் அவன். "யார் இது, என்னை எதற்கு முசியே என்கிறான்?" என்றான் கெவின். வலது காதில் ஒருவன், இடது காதில் ஒருவன். எந்தப் பக்கம் திரும்பி எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல், கையில் போனை ஏந்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.